யார் அந்த மந்திரக்காரி? - ஒரு கணனி விளையாட்டும் தீராத வழக்கும்

கடந்த டிசம்பர் விடுமுறைக்கு ரொறொன்ரோவிலிருந்து என் மகளின் பிள்ளைகள் இருவர் கொழும்புக்கு வந்து மூன்று வாரம் எம்மோடு தங்கினர். பேத்தி பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கிறாள். பேரன் இன்னும் பாடசாலை மாணவன். ஓர் இரவு பதினொரு மணியைத் தாண்டியும் முன் அறையில் இருவரும் உரத்த குரலில் வாதாடுவது கேட்டு, ஏதோ சண்டை என்று எண்ணி எழுந்து சென்றேன். சண்டைதான். ஆனால் பொருள் நான் எதிர்பார்த்ததல்ல.

"அம்மப்பா, நீங்கள் பேப்பரில நாற்பது வருசம் வேலை செய்தனீங்கள். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கோ" என்றாள் பேத்தி. "அந்தச் சூனியக்காரி ஆரெண்டு எனக்குத் தெரியும். தம்பிதான் ஒத்துக்கொள்ளுறான் இல்லை."

"அக்கா சொல்லுறது வெறும் கற்பனை, அம்மப்பா. அந்தக் கேமைச் செய்தவரே இல்லையெண்டு சொல்லிப் போட்டார்" என்றான் பேரன்.

"அவர் சொன்னா முடிஞ்சுதோ?" என்று திருப்பிக் கேட்டாள் அவள்.

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைக் கதிரையில் அமரவைத்தது. எழுதியவர் சொன்னால் முடிந்துவிடுமா? சாட்சியம் என்பது எது? ஊகம் எங்கே தொடங்குகிறது? என் தொழில் வாழ்க்கை முழுவதும் என்னைத் துரத்திய வினாக்கள் இவை. அவற்றை என் பேரப்பிள்ளைகள் ஒரு கணனி விளையாட்டை முன்னிறுத்தி எழுப்புவார்கள் என்று நான் நினைத்ததில்லை. அடுத்த சில நாட்கள் அவர்களிடம் பாடம் கேட்டேன். அந்த விளையாட்டின் கதையைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை பக்கத்திலிருந்து பார்த்தேன். அதன் விளைவே இக்கட்டுரை. விளையாட்டுக்களில் நாட்டமில்லாத வாசகர்களும் சற்றுப் பொறுமையோடு தொடர்ந்து வருமாறு வேண்டுகிறேன்.

வழக்கின் பின்னணி

விளையாட்டின் பெயர் 'ஃபைனல் ஃபேன்டஸி 8'. ஜப்பானின் ஸ்குவயர் நிறுவனம் 1999ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆம் திகதி பிளேஸ்டேஷன் கருவிக்காக இதனை வெளியிட்டது. அதே ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆங்கிலப் பதிப்பு வந்தது. இயக்குநர் யோஷினோரி கிட்டாசே. கதை வசனம் கசுஷிகே நோஜிமா. பாத்திரங்களை வரைந்தவர் டெட்சுயா நொமுரா. இசை நொபுவோ உவெமாட்சு. நான்கு குறுந்தட்டுக்களில் விரியும் இந்த நெடுங்கதை 80 இலட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்பனையானது. 2019 செப்டெம்பரில் மெருகூட்டிய புதிய பதிப்பு வெளிவந்தது. என் பேரப்பிள்ளைகள் விளையாடியது அதனைத்தான். முதற்பதிப்பு வந்த நாளில் அவர்கள் இருவருமே பிறந்திருக்கவில்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்குவால் என்ற பதினேழு வயது இளைஞன், 'சீட்' எனும் கூலிப்படையில் சேர்கிறான். எவரோடும் ஒட்டாத, வாய் திறக்காத பிள்ளை. ரினோவா என்ற பெண்ணைச் சந்திக்கிறான். மெல்ல மெல்ல அவள்மீது அன்பு கொள்கிறான். அவர்களுக்கு எதிராக நிற்பவள் முதலில் ஈடியா என்ற மந்திரக்காரி என்றே தோன்றுகிறது. பின்னர்தான் தெரியவருகிறது, ஈடியா ஒரு கருவி மாத்திரமே என்று. பல தலைமுறைகளுக்குப் பிந்திய எதிர்காலத்தில் வாழும் அல்டிமீசியா என்ற மந்திரக்காரி, காலத்தைக் கடந்து வந்து ஈடியாவின் உடலை ஆட்கொண்டிருக்கிறாள். அவளுடைய நோக்கம் 'கால ஒடுக்கம்'. இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் ஆகிய மூன்றையும் ஒரே புள்ளியாக நசுக்கி, அந்த ஒற்றைக் கணத்தில் தான் மட்டும் நிலைத்திருக்க விரும்புகிறாள்.

ஏன் அவ்வாறு விரும்புகிறாள்? அவள் யார்? எங்கே பிறந்தாள்? யார் அவளை இவ்வளவு கசப்பானவளாக ஆக்கினார்கள்? நான்கு குறுந்தட்டுக்களிலும் இதற்கு நேரான விடை இல்லை. 'சீட்' படையினர்மீது அவளுக்குத் தீராத வெறுப்பு உண்டென்பது தெரிகிறது. அதற்கு மேல் அவளுடைய வரலாறு வெற்றிடமாகவே விடப்பட்டிருக்கிறது.

வெற்றிடத்தை மனித மனம் பொறுத்துக்கொள்வதில்லை. 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்திலேயே ரசிகர்கள் அதை நிரப்பத் தொடங்கிவிட்டனர். அவர்கள் முன்வைத்த விடை அதிர்ச்சியானது. அல்டிமீசியா வேறு யாருமல்லள், ரினோவாதான். காதலன் இறந்த பின்னும் சாக முடியாமல் நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்து, நினைவு தேய்ந்து, தான் யாரென்பதையே மறந்த ரினோவா. இழந்தவனைத் திரும்பக் காணவே அவள் காலத்தை நசுக்கப் பார்க்கிறாள். அவளைக் கொல்பவனோ, அவள் தேடி வந்த அதே ஸ்குவால்.

ஒப்புக்கொள்கிறேன், பேத்தி இதைச் சொல்லி முடித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஆயினும் மெய்சிலிர்ப்பைச் சாட்சியமாக ஏற்க முடியாதல்லவா? ஆகவே வழக்கை முறைப்படி விசாரிக்கலாம் என்றேன்.

பேத்தியின் வாதம்

அவள் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள்.

முதலாவது, ரினோவாவும் மந்திரக்காரியே. கதையின் நடுப்பகுதியில் ஈடியாவின் சக்தி அவளுக்குள் இறங்கிவிடுகிறது. அந்தச் சக்தியைப் பிறருக்குக் கையளிக்காமல் மந்திரக்காரி ஒருத்தி நிம்மதியாகக் கண்மூட முடியாதென்று கதையிலேயே சொல்லப்படுகிறது. அப்படியாயின், கையளிக்க விரும்பாத ஒருத்தி எவ்வளவு காலமும் வாழ்ந்திருக்கலாம்.

இரண்டாவது, மறதி. இக்கதையில் வரும் வீரர்கள் 'காவற் சக்திகள்' எனப்படும் தெய்வங்களைத் தம் மனத்தில் இருத்திப் போரிடுகின்றனர். அதற்கு விலை, நினைவிழப்பு. ஒரே அநாதை இல்லத்தில் ஒன்றாக வளர்ந்த பிள்ளைகள், ஒருவன் நீங்கலாக, அந்த உண்மையையே மறந்து போயிருக்கின்றனர். ஐந்தாறு ஆண்டுகளில் இவ்வளவு மறதி என்றால், ஐந்நூறு ஆண்டுகளில் தன் பெயரே மறந்துபோகாதா?

மூன்றாவது, சிங்கம். ஸ்குவால் அணியும் மோதிரத்தில் ஒரு சிங்க உருவம் உண்டு. அவனுடைய தனிச் சின்னம் அது. அதன் பெயர் கிரீவர். ரினோவா அந்த மோதிரத்தைக் கேட்டு வாங்குகிறாள். கதையின் இறுதிப் போரில் அல்டிமீசியா தன் துணைக்கு அழைக்கும் காவற் சக்தியும் அதே கிரீவர்தான். நூற்றாண்டுகளுக்குப் பின்னால் வாழ்பவளுக்கு ஓர் இளைஞனின் மோதிரச் சின்னம் எப்படித் தெரியும்?

நான்காவது, இடம். அநாதை இல்லத்தின் அருகே பூக்கள் நிறைந்த வெளியொன்றில் ஸ்குவால் வாக்குக் கொடுக்கிறான். பிரிய நேர்ந்தால் தான் அங்கே காத்திருப்பதாகச் சொல்கிறான். அல்டிமீசியாவின் கோட்டை வானில் மிதக்கிறது, ஆனால் பெருஞ் சங்கிலிகளால் நிலத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சங்கிலிகள் வந்து இறங்கும் இடம் அநாதை இல்லத்தின் அருகாமை. உலகில் வேறு இடமா இல்லை?

ஐந்தாவது, ரினோவா ஓரிடத்தில் தன் அச்சத்தை ஸ்குவாலிடம் வெளியிடுகிறாள். தான் தீயவளாக மாறினால் 'சீட்' படை தன்னைக் கொல்ல வரும், அதன் தலைவன் அவன்தான், அவன் கையால் என்றால் பரவாயில்லை என்ற பொருளில் பேசுகிறாள். இதைக் கதாசிரியர் சும்மா எழுதினாரா?

ஆறாவதாக அவள் சொன்னதுதான் என்னை மிகவும் தொட்டது. உயிர் பிரியும் தறுவாயில் அல்டிமீசியா மிரட்டவில்லை, சபிக்கவில்லை. குழந்தைப் பருவத்தைப் பற்றியும் உணர்வுகளைப் பற்றியும் காலம் எவருக்கும் காத்திராமல் கைநழுவிப் போவதைப் பற்றியும் பேசுகிறாள். உலகை விழுங்க வந்த ஒருத்தியின் கடைசிப் பேச்சு இழப்பைப் பற்றியதாக இருக்கிறது.

பேரனின் மறுப்பு

பேரன் சளைத்தவனல்லன். அவனுக்குச் சட்டம் படிக்க ஆசை என்று மகள் சொன்னதன் பொருள் அன்றுதான் விளங்கியது.

சிங்கத்தைப் பற்றி விளையாட்டே விளக்கம் தருகிறது என்றான். எதிரியின் விபரத்தை அறியும் மந்திரமொன்று உண்டு. அதை கிரீவர்மீது பிரயோகித்தால், ஸ்குவாலின் மனத்தில் மிக வலிமையானதாக இருக்கும் காவற் சக்தி அது என்ற குறிப்புக் கிடைக்கிறது. அதாவது அல்டிமீசியா அதைத் தன் நினைவிலிருந்து எடுக்கவில்லை, எதிரே நிற்பவனின் மனத்திலிருந்து பிடுங்கினாள். மூன்றாவது சாட்சி கூண்டிலேயே விழுந்துவிட்டது.

மந்திரக்காரி நிம்மதியாகச் சாக முடியாது என்பதற்கும் சாகவே முடியாது என்பதற்கும் இடையே வேறுபாடு உண்டு என்றான். கோட்டை அநாதை இல்லத்தருகே இருப்பதற்கும் வேறு காரணம் கதையிலேயே கிடைக்கிறது. தோற்று, சாகும் நிலையில் அல்டிமீசியா பதின்மூன்று ஆண்டுகளுக்கு முந்திய அதே இல்லத்துக்குத்தான் வந்து சேர்கிறாள். அங்கிருந்த இளம் ஈடியா, பிள்ளைகளுக்கு அந்தச் சாபம் வரக்கூடாதென்று, அவளுடைய சக்தியைத் தானே ஏற்றுக்கொள்கிறாள். கதை தொடங்கிய இடத்திலேயே முடிகிறது. வட்டம் பூர்த்தியாவதற்கு ரினோவா அங்கே தேவையில்லை.

"எல்லாத்துக்கும் மேல, அல்டிமீசியா ஒரு கட்டத்தில ரினோவாவின்ர உடம்புக்குள்ளயும் புகுந்து அவளை ஆட்டிவைக்கிறாள். தன்ர உடம்பெண்டு அவளுக்குத் தெரியாதோ?" என்று கேட்டான்.

"மறந்து போனாள்" என்றாள் பேத்தி.

"எந்த ஓட்டைக்கும் மறதியெண்டு சொன்னா, பிறகு எதையும் நிரூபிக்கலாம்" என்றான் அவன்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவனுக்கு என் பழைய பேனையைப் பரிசளித்தேன். எதிர்ச் சான்றையெல்லாம் விழுங்கிச் செரிக்கக்கூடிய ஒரு கொள்கையை எந்தச் சான்றாலும் வீழ்த்த முடியாது. அப்படிப்பட்ட கொள்கையை வரலாற்று ஆசிரியன் அஞ்ச வேண்டும், பத்திரிகையாளன் அதைவிட அதிகமாக அஞ்ச வேண்டும்.

முன்னுதாரணங்கள்

இருந்தபோதிலும் பேத்தியின் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. இந்த விளையாட்டுத் தொடரின் வரலாற்றை நோக்கினால், வில்லனின் அடையாளத்தை மறைத்து வைப்பது அதன் பரம்பரை வழக்கம் என்பது புலப்படும். 1987 டிசம்பரில் வந்த முதலாவது விளையாட்டிலேயே, தொடக்கத்தில் எளிதாகத் தோற்கடிக்கப்படும் கார்லன்ட் என்ற வீரன், 2000 ஆண்டுகள் பின்னோக்கி அனுப்பப்பட்டு, கேயோஸ் என்ற இறுதி அரக்கனாக உருமாறிக் காத்திருக்கிறான். 1991இல் வந்த நான்காவது விளையாட்டில், கதாநாயகனின் கொடிய எதிரியாகத் திரியும் கொல்பேஸ், இறுதியில் அவனுடைய கூடப்பிறந்த அண்ணன் என்று தெரியவருகிறது. காலவட்டத்துக்குள் சிக்கிய வில்லனும், சொந்த இரத்தமாகவே வெளிப்படும் வில்லனும் இத்தொடரின் ரசிகர்களுக்குப் பழக்கமானவர்கள். அவர்கள் மூன்றாவது தடவையும் அதையே எதிர்பார்த்ததில் வியப்பில்லை.

அத்தோடு எட்டாவது விளையாட்டே தன் ரசிகர்களை ஊகிக்கப் பழக்குகிறது. ஸ்குவாலின் தந்தை யார்? லகூனா என்பவரே என்பது கவனமாகப் பார்ப்பவர் எவருக்கும் விளங்கும். ஸ்குவாலின் முகம் தாயைப் போன்றது என்று லகூனாவின் நண்பர்கள் குறிப்பாகப் பேசிக்கொள்வர். ஆனால் "நான்தான் உன் தகப்பன்" என்று அவர் மகனிடம் சொல்லும் காட்சி எங்குமே இல்லை. ஓர் உண்மையைச் சொல்லாமலே உணர்த்திய ஆசிரியர், இன்னொன்றையும் அவ்வாறே உணர்த்தியிருக்கலாம் என்று வாசகன் நினைப்பது தவறாகுமா?

நானும் என் பங்குக்கு ஒரு துணுக்கைச் சேர்த்தேன். அல்டிமீசியா என்பது ஆங்கில வடிவம். ஜப்பானிய மூலத்தில் அப்பெயர் ஏறத்தாழ 'ஆர்ட்டிமிசியா' என்று ஒலிக்கிறது. ஆர்ட்டிமிசியா என்பவள் கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியின் கரையோரத்திலிருந்த காரியா நாட்டின் அரசி. கணவன் மௌசோலஸ் இறந்தபோது அவனுக்காக அவள் தொடர்ந்து கட்டுவித்த சமாதி, பண்டைய உலகின் ஏழு அதிசயங்களுள் ஒன்றாயிற்று. மாண்ட கணவனின் சாம்பலைப் பானத்தில் கலந்து குடித்து, தன்னையே அவனுக்குச் சமாதியாக்கினாள் என்று பழைய எழுத்தாளர்கள் கூறிச் சென்றுள்ளனர். இழந்தவனை விட்டுவிட முடியாத பெண்!

பேத்தி துள்ளிக் குதித்தாள். உடனே அவளை அடக்க வேண்டியதாயிற்று. பெயரொற்றுமை எதையும் நிரூபிப்பதில்லை. அப்பெயரில் வேறோர் அரசியும் உண்டு, ஒரு மூலிகையும் உண்டு. பெயர் சூட்டியவர் எதை நினைத்தார் என்று நமக்கு யார் சொல்வது? பெயரொலியை வைத்துக்கொண்டு ஊர் வரலாறும் குல வரலாறும் எழுதுவோர் நம்மிடையே நிறைந்திருப்பதால் இதைச் சற்று அழுத்தியே சொன்னேன்.

இயக்குநரின் வாக்குமூலம்

ரசிகர்கள் இந்த ஐயத்தை இயக்குநர் கிட்டாசேயிடமே கேட்டுவிட்டனர். ரினோவாவும் அல்டிமீசியாவும் ஒருவரல்லர் என்று அவர் மறுத்துவிட்டார். இதே விளையாட்டைப் பற்றி இன்னொரு கொள்கையும் உலாவியது. முதற் குறுந்தட்டின் இறுதியில் பனிக்கட்டி ஈட்டி பாய்ந்து ஸ்குவால் இறந்துவிட்டான், அதன்பின் வருவதெல்லாம் சாகும் மூளையின் கனவு என்பது அது. 2017இல் அதைக் குறித்துக் கேட்டபோதும் அவர் மறுத்தார். ஈட்டி தைத்தது தோள் பக்கமாகத்தான் என்றார். ஆனால் சுவையான யோசனை, மறுபடி உருவாக்கினால் அதை மனத்தில் கொள்ளலாம் என்றும் சொல்லிவைத்தார்.

பேரனுக்கு இது போதும். வழக்கு முடிந்தது. பேத்திக்கு இது போதாது. "அவர் நினைச்சிருக்க மாட்டார், அம்மப்பா. ஆனால் கதையில அது இருக்குதே!" என்றாள்.

இந்த இடத்தில் தமிழ் வாசகர்களுக்குப் பொன்னியின் செல்வன் நினைவுக்கு வராமலிராது. 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய அத்தொடரில் ஆதித்த கரிகாலனைக் குத்தியது யார் கை? நந்தினி யாருடைய மகள்? எழுபது ஆண்டுகளாக நாமும் திண்ணைகளிலும் தேநீர்க் கடைகளிலும் இதே வழக்கைத்தான் நடத்துகிறோம். கல்கி அதைத் தெளிவுபடுத்தாமலே விட்டார். அதற்குக் காரணமும் உண்டு. வரலாறும் தெளிவுபடுத்தவில்லை. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டொன்று உண்டு. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைக் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என அது குறிக்கிறது. ஆனால் அது கொலை வழக்கின் தீர்ப்பன்று. பறிமுதலான நிலத்தைப் பற்றிய ஆவணம். ஏவியவர் யாரென்பது அதில் இல்லை. நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன்மீது ஐயம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. இருவரும் ஒரே கல்லைத்தான் வாசித்தனர்.

கிட்டாசேயிடம் கேட்க ரசிகர்களுக்கு வாய்த்தது. உடையார்குடிக் கல்லிடம் திருப்பிக் கேட்க முடியாது. கற்பனைக் கதையின் வில்லனுக்கு ஒரு படைப்பாளி இருக்கிறார். உண்மை வரலாற்றின் வில்லனைப் பற்றி விசாரிக்க அப்படியொருவர் இல்லை.

இனந்தெரியாதவர்கள்

இவ்வளவும் சொல்லிவிட்டுத் தீர்ப்பை அடுத்த நாளுக்கு ஒத்திவைத்தேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் விளையாட்டல்ல.

எம் நாட்டுப் பத்திரிகைத் தமிழில் ஒரு சொற்றொடர் உண்டு. என் தலைமுறைப் பத்திரிகையாளர்கள் அதைத் தம் கையெழுத்தைவிட அதிகம் எழுதியிருப்பார்கள். 'இனந்தெரியாத ஆயுததாரிகள்'. யார் சுட்டார்கள் என்று எழுத முடியாத காலம். எழுதினால் எழுதியவனுக்கு நாளை இல்லை. ஆகவே செய்தியில் அந்தச் சொற்றொடரை இட்டுவிட்டு ஓய்வோம். ஆனால் வாசகன் ஓய்வதில்லை. பெயரற்ற இடத்தில் ஒரு பெயரை அவன் நிரப்பியே தீருவான். சந்தையில், பஸ்ஸில், சலூனில், மரண வீட்டில் அது நடக்கும்.

எண்பதுகளின் பிற்பகுதி. நான் அப்போது பத்திரிகையொன்றில் உதவி ஆசிரியராக இருந்தேன். சிற்றூர் ஒன்றில் மாலை வேளையில் ஒரு கடைக்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கம்போல் 'இனந்தெரியாத ஆயுததாரிகள்' என்று செய்தி போனது. அவ்வூரில் ஓர் இளைஞன்மீது பேச்சு எழுந்தது. இறந்தவரோடு அவனுக்கு வேலி எல்லைத் தகராறு. தகராறு நடந்த வாரத்தில் அவன் ஊரில் ஆயுதம் தாங்கிய சிலரோடு கதைத்துக்கொண்டு நின்றதைக் கண்டவர்கள் உண்டு. கொலைக்கு மறுநாள் முதல் அவனைக் காணவில்லை. எல்லாம் பொருந்தின. என் வாரப் பத்தியில் பெயர் குறிப்பிடாமல் ஒரு பந்தி எழுதினேன். பெயரைத்தான் எழுதவில்லை. வேலியை எழுதினேன். அவ்வூரார் அனைவருக்கும் அது போதுமாயிருந்தது.

பத்து நாட்களின் பின் அவனுடைய தகப்பனார் காரியாலயத்துக்கு வந்தார். கையில் வைத்தியசாலைத் துண்டு. கொலை நடந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே அவன் கொழும்பில் வைத்தியசாலையொன்றில் அனுமதிக்கப்பட்டிருந்தான். மறுநாள் 'காணாமற் போனவன்' உண்மையில் நான்கு நாட்களாகவே ஊரில் இல்லை. எவரும் கவனித்து எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை. பெரியவர் கோபிக்கவில்லை. "தம்பி, இதைப் பாத்திட்டு எழுதியிருக்கலாமே" என்று மாத்திரம் சொன்னார். திருத்தம் வெளியிட்டோம். உள்பக்கத்தில், எட்டு வரி. அதற்குள் அந்தக் குடும்பம் இரவோடிரவாக வீட்டைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டது. சுட்டவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது திரும்பிப் பார்க்கையில், என் பத்தியும் பேத்தியின் கொள்கையும் ஒரே முறையில்தான் கட்டப்பட்டன என்பது விளங்குகிறது. மோதிரம் பொருந்துகிறது, இடம் பொருந்துகிறது, நோக்கம் பொருந்துகிறது. பொருந்தியவற்றை எல்லாம் அடுக்கினோம். பொருந்தாததைத் தேடிப் போகவில்லை. வேறுபாடு ஒன்றே. அவளுடைய ஊகத்தால் எவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடவில்லை.

இன்னொரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். அன்று ஊரார் அந்த இளைஞன்மீது பழியைப் போட்டதும், நான் அதற்குத் துணைபோனதும், தீமைக்கு ஒரு முகத்தைக் கொடுத்து அதை வெறுப்பதற்காக. இருபத்தைந்து ஆண்டுகளாக அந்த ரசிகர்கள் அல்டிமீசியாவுக்கு ரினோவாவின் முகத்தைக் கொடுப்பது வேறொரு காரணத்துக்காக. இவ்வளவு கொடியவளும் ஒரு காலத்தில் ஒருவனை நேசித்தவளாக இருந்திருக்கலாமே என்ற இரக்கத்தினால். ஊகத்தின் பின்னால் நிற்கும் மனம் எத்தகையது என்பதும் கவனிக்க வேண்டியதே. ஆனால் இரக்கத்தினால் பிறந்த ஊகமும் ஊகமே.

தீர்ப்பு

மறுநாள் காலை இருவரையும் அழைத்து என் தீர்ப்பைச் சொன்னேன்.

ரினோவாவே அல்டிமீசியா என்பது நிரூபிக்கப்படவில்லை. முக்கியமான சாட்சியான சிங்கம் விளையாட்டின் சொந்தக் குறிப்பாலேயே முறியடிக்கப்படுகிறது. மறதி என்ற வாதம் எல்லாவற்றையும் விளக்குவதால் எதையும் விளக்கவில்லை. ஆக்கியவரின் மறுப்புப் பாரமானது. ஆனால் அதை மட்டும் வைத்து நான் தீர்ப்பளிக்கவில்லை. மறுப்பு இல்லாவிடினும் இதே முடிவுக்குத்தான் வந்திருப்பேன். அதேவேளை, அந்தக் கொள்கையைப் பொய் என்று தள்ளவும் மாட்டேன். கதை விட்டுச்சென்ற வெற்றிடத்தை அக்கறையோடு வாசித்தவர்கள் எழுதிய இன்னொரு கதை அது. தான் கொடியவளாகிவிடுவேனோ என்று ரினோவா அஞ்சும் காட்சியின் கனத்தை அந்தக் கொள்கை எனக்கு உணர்த்தியது. அதைக் கதையாக வைத்துக்கொள்ளலாம், செய்தியாக எழுத முடியாது.

பேரன் வென்றதாக எண்ணிச் சிரித்தான். பேத்தி ஏற்றுக்கொள்ளவில்லை. "மேன்முறையீடு செய்வன்" என்றாள். செய்யட்டும்.

பிறகு அவர்களுக்கு அந்தக் கடைக்காரரையும் வேலியையும் எட்டு வரித் திருத்தத்தையும் பற்றிச் சொன்னேன். என் மனைவியைத் தவிர வேறெவரிடமும் நான் முழுமையாகச் சொன்னதில்லை. பேரன் தலை குனிந்திருந்தான். பேத்திதான் நெடுநேரத்துக்குப் பின் கேட்டாள்:

"அந்த அண்ணா இப்ப எங்க, அம்மப்பா?"

தெரியாது என்றேன். எங்கோ வெளிநாட்டில் இருப்பதாகப் பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் சொன்னார். மற்றொருவர் அப்படியில்லை என்றார். இரண்டில் எதையும் நான் விசாரித்து உறுதிசெய்யவில்லை. இந்தப் பக்கத்தை உலகின் பல மூலைகளிலிருந்தும் தமிழர்கள் வாசிக்கிறார்கள். அவரும் அவர்களுள் ஒருவராக இருந்தால், வேலியைப் பற்றிய அந்தப் பந்தியை எழுதியவன் நான்தான் என்பதை அவர் அறிந்துகொள்ளட்டும்.